நான் போடாத வட்டம்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். காலையில் காளியம்மனுக்கு விளக்கு வைக்கிறேன், வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறேன், அவளைத் தாண்டி என் வீட்டுக்குள் எது வந்துவிடும் என்கிற தைரியம்தான். அந்தத் தைரியம் இப்போதும் போகவில்லை. ஆனாலும் நடந்தது நடந்ததுதான், நீங்கள் நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி.

கல்யாணமாகி ஆறு வருஷம் மாமியார் வீட்டிலேயே இருந்துவிட்டு, போன புளி சீசனில்தான் நெல்லிவாசல்நாட்டில் எங்களுக்கென்று ஒரு வீடு வாங்கினோம். தளம் போட்ட ஒரே அறை, தகரக்கூரை போட்ட சமையல்கட்டு, அவ்வளவுதான். பல வருஷம் பூட்டிக் கிடந்ததில் சுவரெல்லாம் ஊதிப்போயிருந்தது. வாங்கியதோடு கை காலி. என் வீட்டுக்காரர் பகலெல்லாம் புளி உலுக்கப் போய்விடுவார், அதனால் பூச்சு வேலையில் நானே இறங்கிவிட்டேன். எட்டாவது வரைதான் படிப்பு, ஆனால் சித்தாள் வேலைக்குப் போனவள், எல்லாம் பார்த்து வைத்திருந்தேன். சுவரைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வரவேண்டும். கெட்டியாக இருந்தால் டண் என்று கேட்கும், உள்ளே பூச்சு சுவரை விட்டுப்போயிருந்தால் தொப்பென்று கேட்கும். அங்கே அடுப்புக்கரியால் வட்டம் போட்டு, பிறகு கொத்தி எடுத்துப் பூச வேண்டும். குடிபோகிற வீட்டைக் கொத்துகிறோமே என்று மனசு கேட்காமல், ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு குங்குமப் பொட்டு வைத்து, தாயே பொறுத்துக்கோ என்று சொல்லிவிட்டுத்தான் உளியை வைப்பேன். யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை, நானாகச் செய்தது.

நாலு சுவரும் முடிந்தது. வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுவதாக இருந்தோம். புதன்கிழமை மத்தியானம் மாமியார் வீட்டில் விட்டிருந்த என் கைக்குழந்தை பாப்பாவுக்குப் பால் கொடுத்துவிட்டு வந்து பூட்டைத் திறக்கிறேன், தலைக்கு மேலே தளத்தில் தூளி கட்டுவதற்கு ஒரு இரும்புக் கொக்கி இருக்கிறது, அதைச் சுற்றி ஒரு கரி வட்டம். கொக்கியை ஒட்டிக் குங்குமப் பொட்டு. சாவி என் இடுப்பில்தான் இருந்தது. தளத்துக்கு வெள்ளையடிக்க இரவல் கேட்டிருந்த ஏணி மறுநாள்தான் வரவேண்டும், அது இல்லாமல் அங்கே யாருக்கும் எட்டாது.

சாயந்திரம் அவர் வந்ததும் காட்டினேன்.

“இன்னாடி, கரியும் உன்னுது, குங்குமமும் உன்னுது. போட்டுட்டு மறந்துட்டியா?”

“ஏணியே வரலியே, பறந்தா போட்டேன்?”

“பறந்தாலும் பறப்ப. எங்கம்மா வூட்டுலேர்ந்து என்னியே தூக்கினு வந்தவளாச்சே.”

புளி உலுக்குகிற கம்பால் அங்கே தட்டிப் பார்த்தார். டண் டண். மறுநாள் ஏணி வந்ததும் நானும் ஏறித் தட்டினேன், அதே டண். அவர் கொக்கியில் கயிறு கட்டித் தொங்கியே பார்த்துவிட்டார்.

“என்னியே தாங்குது, பாப்பா இன்னா எடை இருக்கும்?”

“தாங்கட்டுங்க. எம் புள்ளைய அங்க போட மாட்டேன்.”

கொத்திப் பார்க்கலாம் என்றால் சிமெண்டு தீர்ந்துபோயிருந்தது. வட்டத்தின் மேலேயே வெள்ளையடித்துவிட்டு, தூளியைச் சமையல்கட்டு மரச்சட்டத்தில் கட்டினேன். வெள்ளிக்கிழமை வந்தவர்களெல்லாம் ஒரே பேச்சு. “நடுவூட்டுல கொக்கி வெச்சினு புகையில கொயந்தைய போட்டுகிறா பாரு” என்றார் மாமியார்.

பால் பொங்கி, எல்லாரும் வெளியே புளியமரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உள்ளே ஒரு சத்தம். ஓடிப் பார்த்தால் கொக்கியோடு சேர்ந்து தளத்துப் பூச்சு தரையில் கிடக்கிறது, என்னால் தூக்க முடியாத கனம். மேலே அளந்து வெட்டினதுபோல் வட்டமாகப் பள்ளம். பாப்பா சமையல்கட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் போய் அவள் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அன்றோடு கேலி நின்றது.

அந்தப் பள்ளத்தையும் நான்தான் பூசினேன், இன்றுவரை ஒரு விரிசல் இல்லை. அம்மன் காத்தாள் என்று ஊரே சொல்கிறது, நானும் அதைத்தான் சொல்கிறேன்.

ஆனால் போன மாதம் காலையில் கோலம் போட்டுவிட்டு நிமிர்கிறேன், தலைவாசலுக்கு மேலே சுவரில் ஒரு கரி வட்டம், நடுவில் பொட்டு. கேஸ் அடுப்பு வந்தபிறகு எங்கள் வீட்டில் கரியே கிடையாது. இந்த முறை சும்மா விடவில்லை, அன்றைக்கே கொத்தினோம். உள்ளே விட்டுப்போன இடமே இல்லை, அத்தனையும் கெட்டி. புதிதாகப் பூசினேன். எட்டாம் நாள் ஈரம்கூடச் சரியாகக் காயாத அந்தப் பூச்சின் மேல் மறுபடி வட்டம். கொத்தனாரைக் கூட்டிவந்தோம், தட்டிப் பார்த்துவிட்டு, “நூறு வருசம் நிக்கும்மா” என்று போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் குள்ளம், அந்த வாசலில் அவருக்குத் தலை இடிக்க வழியே இல்லை, ஆனாலும் குனிந்து ஓடித்தான் கடக்கிறார். பாப்பாவைச் சமையல்கட்டுக் கதவு வழியாகத்தான் தூக்கிப் போகிறோம். தினமும் விளக்கு வைத்ததும் சுத்தியலை எடுத்து அந்த வட்டத்தில் ஒரு தட்டு தட்டுகிறேன்.

டண் என்றுதான் கேட்கிறது. அன்றைக்குத் தளமும் அப்படித்தான் கேட்டது.