யார் அமுக்கிய ரத்து?

ஃபிளோராவுக்கு அசதி என்பது வந்து போகிற சங்கதி இல்லை, உடம்போடு ஒட்டிக்கொண்ட ஒன்று. அறுவடை மெஷின் வாடகைக்குப் பதிவு செய்யும் இணையதளம் ஒன்று தஞ்சாவூரிலிருந்து நடக்கிறது. அதன் சர்வர்கள் அத்தனைக்கும் பன்னிரண்டு வருஷமாக அவள் ஒருத்திதான். தளம் ஓடினால் அவளை யாருக்கும் தெரியாது. நின்றால் முதலாளி ஜெரால்டில் தொடங்கி டிரைவர்வரைக்கும் அவள் நம்பர் மனப்பாடம்.

சம்பா அறுவடை வந்தால் காலை ஆறு மணிக்கே எல்லாரும் ஒன்றாகப் போனைத் திறப்பார்கள், தளம் படுத்துவிடும். அதனால் இந்தத் தை மாதம் அவள் ஒரு சர்வரை மூன்றாக்கி, முன்னால் ஒரு பிராக்ஸியை நிறுத்தினாள். வருகிற கூட்டத்தை மூன்றுக்கும் பிரித்துவிடுவது அதன் வேலை. அடிக்கடி கேட்கிற பக்கத்துக்கு ஒரு நகல் வைத்துக்கொண்டு, சர்வரைத் தொந்தரவு செய்யாமல் தானே எடுத்தும் நீட்டும். ஆளுக்கு ஆள் மாறுகிற பக்கத்தை மட்டும் நகல் எடுக்காதே என்று அதற்கு ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரியை ஃபிளோரா மறந்துபோனாள். தனியாக உட்கார்ந்து சோதித்ததால் எத்தனை முறை திறந்தாலும் அவள் பெயரே வந்தது. சரியாக இருக்கிறதென்று நம்பிவிட்டாள்.

மறுநாள் காலை கூட்டம் மொய்த்த பத்து நிமிஷம், 'என் பதிவு' பக்கத்தைத் திறந்தவர்களுக்கெல்லாம் திருக்காட்டுப்பள்ளி துரைராசுவின் பதிவே வந்தது. யாரோ ஒரு நல்ல மனுஷர், நம் போனில் அடுத்தவர் பெயர் எதற்கு என்று 'ரத்து' பட்டனை அமுக்கிவிட்டார். துரைராசுவுக்கு வரவேண்டிய மெஷின் கூத்தாநல்லூர் பக்கம் போயிற்று. அன்று சாயங்காலமே பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை.

மழை விட்ட பிறகு சர்வரின் பதிவுகளைப் புரட்டியபோதுதான் ஃபிளோரா இதைக் கண்டுபிடித்தாள். விடுபட்ட வரியைச் சேர்த்தாள், நகல்களை அழித்தாள், ஜெரால்டிடம் போய்ச் சொன்னாள்.

"நெட்வொர்க் பிரச்சினைன்னு ஒரு மெசேஜ் போட்டுட்டு விடுங்க ஃபிளோரா," என்றார் அவர். "நீங்களா போய் ஒத்துக்கிட்டா, அப்புறம் உங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல."

மறுநாள் அவள் திருக்காட்டுப்பள்ளிக்கு பஸ் ஏறினாள். வேலை போனால் போகட்டும் என்கிற வீராப்பெல்லாம் இல்லை. வீராப்புக்கும் தெம்பு வேண்டுமே. ஒரு பொய்யை ஞாபகம் வைத்துக்கொண்டு திரிய அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

துரைராசு வரப்பில் நின்றிருந்தார். எட்டு மா நிலத்து நெல்லும் சாய்ந்து, கதிர் தண்ணீரில் கிடந்தது. மெஷின் கம்பெனியிலிருந்து வருகிறேன் என்று சொன்னதும் அவர் முந்திக்கொண்டார்.

"தப்பு எம்மேலதாங்க. கை பட்டு ரத்தாயிருக்கு. எப்ப அமுக்கினேன்னே தெரியல."

"அப்பா கையில போனக் குடுக்காதன்னு மவன் சிங்கப்பூர்லேருந்து கத்துறான்," என்றாள் பக்கத்தில் நின்ற அவர் மனைவி கமலாம்பாள். "நாலு நாளா ரெண்டு பேருக்கும் பேச்சில்ல."

"நீங்க அமுக்கலைங்கய்யா. தப்பு நான் பண்ணது," என்று ஃபிளோரா நடந்ததையெல்லாம் சொன்னாள். சொல்லிவிட்டு, திட்டு வாங்கக் காத்து நின்றாள்.

துரைராசு வயலைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார்.

"கேட்டியா?" என்றார்.

பிறகு போனை எடுத்து மகனைக் கூப்பிட்டு, அதை ஃபிளோராவிடம் நீட்டினார்.

"இத எம் மவன்கிட்ட ஒருதரம் சொல்லிடுறீங்களா?"

அந்தப் பக்கம் எடுத்தார்கள். ஃபிளோரா தன் பெயரைச் சொல்லி, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.