நானாவுக்கு வாசித்துச் சொன்ன இலக்கங்கள்

என் இடது காலின் சின்ன விரலை எடுத்துவிட்டு, கண்டி ஆஸ்பத்திரியில் டிக்கட் வெட்டி என்னை வீட்டுக்கு அனுப்பிய அன்று நல்ல மழை. கணவர் ஆட்டோவை வாசலுக்குக் கொண்டுவரப் போயிருந்தார். நான் சில்லுக் கதிரையில் உட்கார்ந்து, மடியில் மருந்துப் பையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அப்போது சீனி வருத்தக்காரர்களைப் பார்க்கும் நர்ஸ் ஓடிவந்தார். யாழ்ப்பாணத்துப் பெண், முப்பது வயது இருக்கும்.

"அக்கா, போன் நம்பரைச் சொல்லுங்கோ. சனிக்கிழமை பின்னேரம் நான் அடிப்பன், எடுக்கவேணும். தமிழ் ஆக்களுக்கு ஒரு வகுப்பு நடத்துறம். வீட்டில இருந்தே கேக்கலாம்."

"வகுப்பா? நானே டீச்சர்தான் மிஸ்" என்றேன்.

"ஓம், டீச்சர்மார்தான் வீட்டுப்பாடம் செய்யாத ஆக்கள்" என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வத்தேகமையில் இருபது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தவள், ஒரு கொப்புளத்தைக் கவனிக்காமல் விட்டு விரலைப் பறிகொடுத்திருந்தேன். வீட்டுக்கு வந்தும் கொஞ்ச நாள் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. காலைக் கீழே ஊன்றக் கூடாது என்பதால் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தேன். பாடசாலை மணி அடிப்பது அங்கே கேட்கும். கேட்டவுடன் அழுகை வரும்.

சனிக்கிழமை சொன்னபடி போன் வந்தது. ஒரே அழைப்பில் நாங்கள் நாலைந்து பேர். எல்லோரும் அந்த மாதம் ஆஸ்பத்திரியில் இருந்து வந்தவர்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. மிஸ் ஒவ்வொரு வாரமும் ஒரு விஷயம் எடுப்பார். ஊசியை ஒரே இடத்தில் போடாமல் மாற்றி மாற்றிப் போடுவது, பாதத்துக்குக் கீழே கண்ணாடி வைத்துப் பார்ப்பது, சீனி இறங்கினால் உடம்பு எப்படிக் காட்டிக்கொடுக்கும் என்பது. பன்வில தோட்டத்தில் இருந்து பேசிய அம்மாவிடம் பிரிட்ஜ் இல்லை. இன்சுலினை மண்சட்டியில் ஈரமணலுக்குள் எப்படி வைப்பது என்று அவருக்காகவே ஒரு சனிக்கிழமை முழுவதும் போனது.

பாடம் தொடங்கும் முன் மிஸ் கேட்பார்: "நேற்று இரவு என்ன சாப்பிட்டனீங்கள்?"

நாங்கள் எல்லோரும் கீரை என்போம், பாசிப்பயறு என்போம். ஒரு ஆண் குரல் மட்டும் ஒளிக்காது.

"கொத்து ரொட்டி மிஸ். பொய் செல்ல ஏலாது. கடைக்காரன் மலிவா தந்தான்."

அவர்தான் நானா; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். மடவளையில் இருந்து பேசுவார்; அவர் பேச்சில் 'சொல்ல' என்பது 'செல்ல', 'இருக்கு' என்பது 'ஈக்கு'. கண்டி மார்க்கட்டில் வெகுகாலம் குடையும் பயணப் பையும் விற்றவர், அறுபத்தைந்து வயது. மனைவி மவுத்தாகிய பிறகு கடையை விற்றுவிட்டுத் தனியாக இருந்தார். ஒரே மகள் அக்குறணையில் கட்டிக்கொடுத்த இடத்தில். வெள்ளிக்கிழமைகளில் மகள் வந்து சமைத்து வைத்துவிட்டுப் போவாள். மற்ற நாட்களில் கடைச் சாப்பாடு. "அவ இருக்கக்கொள்ள எனக்கி அடுப்பு எந்தப் பக்கம் ஈக்கிற என்டே தெரியாது மிஸ்" என்று ஒருமுறை சொன்னார். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

எங்கள் நம்பர்களை மிஸ் ஒருவருக்கொருவர் கொடுத்திருந்தார். ஒரு நாள் காலையில் என் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. சீனி பார்க்கும் மெஷினின் படம். கூடவே நானாவின் குரல்: "டீச்சர், இது எத்தனை என்டு ஒருக்கா பாருங்க. மெஷின்ல ஏதோ கோளாறு போல."

மெஷினில் கோளாறு இல்லை. நூற்றி எண்பத்தாறு என்று பெரிய எழுத்தில் தெளிவாகத் தெரிந்தது. வாசித்துச் சொன்னேன். மறுநாளும் படம் வந்தது, அதற்கு அடுத்த நாளும். "கண்ணாடிய எங்கயோ வெச்சிட்டேன்", "வெளிச்சம் காணாது" என்று தினமும் ஒரு காரணம். அந்த வாரம் முடிவதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. அவருக்குக் கண் தெரியவில்லை. இன்சுலின் பேனையைத் திருப்பும்போது கேட்கும் 'டிக்' சத்தத்தை எண்ணித்தான் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்.

"நானா, கண் டொக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டணும் டீச்சர். மகளுக்குச் செல்லாதீங்க. செல்லப் போனா அவட வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடுவா. இந்த வீட்டை விட்டுட்டு நான் எங்க போற?"

மகளை எனக்குத் தெரியவே தெரியாது. நான் மிஸ்ஸிடம் சொன்னேன். மிஸ் அவரைக் கண் கிளினிக்குக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே இரண்டு கண்ணிலும் பின்பக்கம் இரத்தம் கசிந்திருக்கிறது என்றார்களாம். லேசர் அடிக்க முறை காத்திருக்க வேண்டும். ஆகவே காலையில் படம் வருவதும் நான் வாசிப்பதும் தொடர்ந்தது. எனக்கும் அது ஒரு வேலையாக இருந்தது. அவருக்கு வாசிக்க வேண்டும் என்பதற்காகவே நேரத்துக்கு எழும்பி முகம் கழுவி, என் விரலையும் குத்திப் பார்ப்பேன். "உங்களுக்கு எத்தனை டீச்சர்?" என்று கேட்பார். என் இலக்கம் குறைவாக இருந்தால், "ஆ, பாஸ்" என்பார்.

நோன்பு மாதம் வரும் முன்பே மிஸ் வகுப்பில் சொல்லியிருந்தார், இன்சுலின் போடுகிறவர்கள் டொக்டரைக் கேட்காமல் நோன்பு பிடிக்கக் கூடாது என்று. நானா டொக்டரையும் கேட்டார், பள்ளிவாசலில் மௌலவியையும் கேட்டார். இருவரும் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். "சரி மிஸ், விட்டுட்டேன்" என்றார்.

ஆனால் படங்கள் விடியும் முன், நோன்பாளிகள் சாப்பிடும் நேரத்தில் வரத் தொடங்கின. கேட்டபோது முதலில் மழுப்பினார். பிறகு சொன்னார்.

"போன வருசம் நோன்பு மாசத்துலதான் டீச்சர் அவ போனா. பாதியில. மிச்ச நோன்பை நான் பிடிக்கல்ல. ஒன்டும் வெளங்காமக் கெடந்தேன். இந்த முறை முழுசாப் பிடிக்கணும் என்டு மனசு செல்லுது."

மிஸ்ஸிடம் சொல்லும்போது கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கோபப்படவில்லை. "விடமாட்டார் எண்டு தெரியும். நான் டொக்டரோட கதைக்கிறன்" என்றார். டொக்டர் ஊசியைக் குறைத்து, பகலிலும் சீனி பார்க்கச் சொல்லி, எழுபதுக்குக் கீழே போனால் அந்த நிமிடமே நோன்பை முறிக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். நானா ஒத்துக்கொண்டார். பின்னேரம் ஒரு படம் கூடுதலாக வரத் தொடங்கியது.

மாதத்தின் கடைசிப் பகுதியில் ஒரு பின்னேரம் வந்த படம் கலங்கியிருந்தது, கை நடுங்கி எடுத்தது போல. பெரிதாக்கிப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு.

உடனே அழைத்தேன். எடுக்க வெகுநேரம் ஆனது.

"நானா, ஐம்பத்தெட்டு. நோன்பை முறிங்க."

"பாங்குக்குக் கொஞ்ச நேரந்தான் ஈக்கு டீச்சர்."

"வேர்க்குதா?"

"மழை பெய்யுது... மழைக்குள்ளயும் வேர்க்குது." நாக்கு குழறியது.

"உங்க முன்னுக்கு என்ன இருக்கு?"

"ஈச்சம்பழம் ஈக்கு. தண்ணி ஈக்கு. அவட கோப்பையும் ஈக்கு. ரெண்டு கோப்பையும் கழுவி வெச்சிட்டேன் டீச்சர், பழக்கத்துல."

அவர் பேச்சு மேலும் மேலும் மெலிந்துகொண்டே போனது. எத்தனையோ வருடம் வகுப்பறையில் போட்ட சத்தம் எனக்குள் இருந்து தானாக வந்தது.

"ஈச்சம்பழத்தை எடுத்து வாயில போடுங்க! இப்ப! நான் கேட்டுக்கிட்டு இருக்கேன். மெல்லுங்க. இன்னொண்ணு. அந்தத் தண்ணியில மூணு கரண்டி சீனி போட்டுக் குடிங்க."

மெல்லும் சத்தம் கேட்டது. கரண்டி கோப்பையில் இடிபடும் சத்தம் கேட்டது. குடித்தார். பிறகு அழத் தொடங்கினார். அறுபத்தைந்து வயது மனிதர் சின்னப் பிள்ளை போல விம்மி விம்மி அழுதார். நான் போனை வைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நோன்பு திறக்கும் பாங்கு கேட்டது. அவருடைய போனுக்குள்ளாலும் கேட்டது, எங்கள் வத்தேகமைப் பள்ளிவாசலில் இருந்து ஜன்னல் வழியாகவும் கேட்டது. இரண்டும் சேர்ந்து முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தோம்.

"இன்னொரு தரம் பார்த்துப் படம் அனுப்புங்க நானா" என்றேன்.

நூற்றுப் பத்து.

"பாஸா டீச்சர்?"

"பாஸ் நானா."

அதோடு அந்த வருடம் அவர் நோன்பு பிடிக்கவில்லை. பெருநாளுக்கு வாழ்த்துச் சொன்னபோது, "அவ இருந்திருந்தா அவதான் முதல்ல முறிக்கச் செல்லியிருப்பா" என்றார். மனம் ஆறிவிட்டது என்று நினைத்தேன். என் கால் புண்ணும் ஆறி, பாடசாலைக்குத் திரும்பினேன். கண்டிக்குப் போகும் பஸ் மடவளை வழியாகத்தான் போகும். ஒவ்வொரு முறையும் வெளியே பார்ப்பேன், எது அவர் வீடு என்று. "ஒரு நாளைக்கி வீட்டுக்கு வாங்க டீச்சர், சீனி போடாத பிளேன்டீ தாறேன்" என்பார். லீவு வரட்டும், வருகிறேன் என்பேன்.

மழைக்காலத்தில் அவருடைய இலக்கங்கள் ஏறத் தொடங்கின. இருநூற்றி எழுபது, முந்நூறு. சாப்பாடு மாறவில்லை என்று சத்தியம் செய்தார். ஊசியும் தவறவில்லை. நான் மிஸ்ஸிடம் சொன்னேன். மிஸ் அவரிடம் முதலில் கேட்ட கேள்வி, "கால் எப்பிடி?"

"கண்ணாடி வெச்சுப் பாத்தேன் மிஸ். சுத்தமா ஈக்கு."

வகுப்பில் சொன்னபடி தினமும் கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறார். லேசருக்கு அவர் முறை இன்னும் வந்திருக்கவில்லை; அந்தக் கண்ணாடிக்குள் அவருக்கு எதுவும் தெரியவில்லை. மெஷினின் படத்தை எனக்கு அனுப்பக் கூச்சப்படாதவர், பாதத்தைப் படம் எடுத்து ஒரு பொம்பிளைக்கு அனுப்புவது மரியாதை இல்லை என்று விட்டிருக்கிறார். மிஸ்ஸுக்கு அவர் பதில் திருப்தியாக இல்லை. நாளைக்கே கிளினிக்குக்கு வாங்கோ என்று கண்டிப்பாகச் சொன்னார். மகள் வந்து கூட்டிப்போனாள். செருப்பின் அடியில் இருந்த ஆணி ஒன்று பாதத்தில் ஏறி, உணர்ச்சி இல்லாததால் வலிக்காமல், உள்ளே சீழ் பிடித்து எலும்புவரை போயிருந்தது.

காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். வார்ட்டில் இருந்து ஒருமுறை பேசினார்.

"டீச்சர், நீங்க ஒரு விரலோட தப்பிட்டீங்க. நான் மொத்தமாக் குடுத்திட்டேன்."

"சும்மா இருங்க நானா. குணமாகி வாங்க. நான் வந்து பிளேன்டீ குடிக்கிறேன்."

"வாங்க. வீட்டுக்கு முன்னுக்கு ஒரு ஜம்பு மரம் ஈக்கு. அதான் அடையாளம்."

அதுதான் கடைசி. இரத்தத்தில் கிருமி பரவிவிட்டது. மிஸ்தான் அழைத்துச் சொன்னார்.

ஜனாஸா அடக்கம் முடிந்து சில நாட்களுக்குப் பிறகு கணவர் என்னை ஆட்டோவில் மடவளைக்குக் கூட்டிப்போனார். வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமே இருக்கவில்லை. பெண்கள் உள்ளே இருந்தார்கள். மகள் என்னைக் கண்டதும் எழுந்து வந்தாள். நான் யார் என்று சொன்னேன்.

"வாப்பா உங்களப் பத்திச் செல்லியிருக்காங்க. போன் வகுப்பு டீச்சர். ஒவ்வொரு நாளும் என்ன அப்படிக் கதைச்சீங்க?"

"கதைக்கிறதுன்னு இல்லை. மெஷின் படத்தை அனுப்புவார். நான் வாசிச்சுச் சொல்வேன்."

"ஏன் நீங்க வாசிக்கணும்?"

அப்போதுதான் விளங்கியது. அவர் கடைசிவரைக்கும் அவளிடம் சொல்லவில்லை. வேறு வழியில்லாமல் நான் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்தேன். முன்னுக்கு உக்காந்து சாப்பாடு போட்டேன். 'புள்ள இன்டக்கி நல்ல வடிவா ஈக்கா' என்டு செல்லுவாங்க. நான் உடுத்தியிருந்தது கூட வாப்பாக்குத் தெரியலயா?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, வாப்பாவின் குரல் என் போனில் இருக்கிறதா என்று கேட்டாள். உள் அறைக் கட்டிலில் இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டோம். பெரிய விஷயம் எதுவும் இல்லை. இருமல், மழைச் சத்தம். 'இன்டக்கி எத்தனை டீச்சர்?' 'அப்பம் தின்னேன், ரெண்டே ரெண்டு.' ஒன்றில் மட்டும், 'நாளைக்கி வெள்ளிக்கிழமை, மகள் வருவா, அதனால கொஞ்சம் கூடத்தான் தின்னுவேன்' என்றார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எல்லாவற்றையும் அவளுடைய நம்பருக்கு அனுப்பிவிட்டு எழுந்தேன். வெளியே கணவர் மழைக்கு ஆட்டோவின் திரையை இறக்கிவிட்டுக் காத்திருந்தார்.

இப்போது மிஸ் வகுப்பை மாற்றிவிட்டார். வீட்டில் கண் தெரிகிற ஒருவரும் பக்கத்தில் இருக்க வேண்டும், பாதத்தை அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். தனியாக இருப்பவர்களின் வீட்டுக்கு, அந்தப் பகுதி சுகாதாரத் தாதி போய்ப் பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறார். நல்ல ஏற்பாடுதான். நானாவுக்குத்தான் அது பிந்திவிட்டது.