பதினைந்து நாள் அல்லது நிரந்தரம்

ஒரு போலீஸ்காரரின் வேலையைப் பறிப்பது எவ்வளவு கடினம் என்பது நாற்பது வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரிந்தது. என் வேலையைப் பறிக்க ஒரு வெள்ளிக்கிழமை மாலையும், மேஜைச் சாமான்களை அள்ளிக்கொள்ள ஒரு அட்டைப்பெட்டியும் போதும். ஹூஸ்டனை ஒட்டி நாங்கள் குடியிருந்த சிறு நகராட்சியில் போலீஸ்காரருக்கும் தீயணைப்பு வீரருக்கும் அப்படியல்ல. அவர்களுக்கென்று தனியாக சிவில் சர்வீஸ் விதிகள் உண்டு. போலீஸ் தலைவர் ஒருவரை நீக்கினால் அவர் ஆணையத்திடம் முறையிடலாம். ஊர்க்காரர்கள் மூன்று பேர் உட்கார்ந்து விசாரிப்பார்கள். இதையெல்லாம் நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். படித்தால் பயம் போய்விடும் என்பது என் நெடுநாள் மூடநம்பிக்கை.

படிக்க வைத்தவன் என் மைத்துனன், மனைவியின் தம்பி. ஈரோட்டிலிருந்து புரோகிராமராக வந்து எங்களோடு தங்கியிருந்தான். ஒரு சனிக்கிழமை பகலில் இந்தியக் கடைகள் இருக்கும் ஹில்கிராஃப்ட் போய் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தோம். புது லைசென்ஸ் ஆசையில் அவன்தான் ஓட்டினான். எங்கள் ஊருக்குள் நுழைந்ததும் பின்னால் விளக்குகள் சுழன்றன. அவன் ஓரமாக, அழகாக நிறுத்தினான். நான் மெச்சி முடிப்பதற்குள் கதவைத் திறந்து இறங்கிவிட்டான்.

நம் ஊரில் அப்படித்தானே. போலீஸ் கை காட்டினால் இறங்கி, நாமே அவரிடம் போய், லேசாகக் குனிந்து, "சார்" என்போம். வண்டியிலேயே உட்கார்ந்திருப்பவன் மந்திரி மகனாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் நேர்மாறு. ஸ்டியரிங்கின் மேல் கை வைத்து, கொலு பொம்மை மாதிரி இருக்க வேண்டும். இறங்கி வருபவன் சுட வருகிறவன். என் மைத்துனன் சிரித்த முகத்தோடு இறங்கிப் போனான். போகிற போக்கில் லைசென்ஸை எடுக்கப் பின்பாக்கெட்டுக்குள் கையை வேறு விட்டான்.

மீதியை என் பக்கத்துக் கண்ணாடியில் பார்த்தேன். துப்பாக்கி, கத்தல், தரையில் குப்புற அவன், கைவிலங்கு. அதுவரை, போகட்டும், மனுஷன் பயந்துவிட்டார் என்று சொல்லலாம். விலங்கு மாட்டி, இவன் அசையாமல் கிடந்த பிறகு, அந்த அதிகாரி நிதானமாக ஒரு சுற்று சுற்றி வந்து முழங்கையில் பூட்ஸ் காலால் மிதித்தார். கோபமாக மிதித்திருந்தால் எனக்கு மறந்திருக்கும்.

முழங்கை உடைந்தது. நாங்கள் புகார் கொடுக்கவில்லை. கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவன் போலீஸ் ஸ்டேஷன் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டான். எதிரே பெட்ரோல் பங்கில் நின்றிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள்தான் புகார் கொடுத்தார். போலீஸ் தலைவர் அந்த அதிகாரியை நீக்கினார். அதிகாரி முறையிட்டார். அந்த அம்மாளுக்கு எங்கள் கார் மறைத்ததால் மிதித்தது தெரியவில்லை. ஆகவே மைத்துனனும் நானும் சாட்சி சொல்ல வேண்டும் என்று நகராட்சி வக்கீல் கூப்பிட்டார்.

"வேண்டாங்க மாமா. அந்தாளு வேலை போச்சுன்னா அவங்க ஆளுங்க நம்ம மேல வன்மம் வெச்சுக்குவாங்க."

"போகலேன்னா அவரே திரும்பி வருவார், மாப்ளே. தினமும் நீ அந்த ரோட்லதானே ஆபீஸ் போறே?"

என் மனைவி சமையலறையிலிருந்து கேட்டாள். "ஏங்க, ரெண்டுல எது தேவலைன்னு உங்க லைப்ரரில எழுதி வெச்சிருக்காங்களா?"

எழுதி வைத்திருக்கவில்லை.

விசாரணைக்கு முந்தைய வாரங்களில் எங்கள் தெருவில் போலீஸ் கார்கள் அதிகம் வரத் தொடங்கின. எங்கள் வீட்டுக்கு முன்னால் வேகம் குறையும். யாரும் இறங்கவில்லை, யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. தெருவில் குழந்தைகள் விளையாடினால் நல்ல மனிதர்கள் எப்படி ஓட்டுவார்களோ அப்படி ஓட்டினார்கள். புகார் செய்யலாம் என்றால், மெதுவாக ஓட்டுகிறார்கள் என்றா புகார் செய்வது? ஒருநாள் மளிகைக் கடையில் பால் எடுத்துக்கொண்டிருந்தபோது சீருடையில் ஒரு பையன் பக்கத்தில் வந்து நின்றான். "உங்கள் மைத்துனரின் முழங்கை எப்படி இருக்கிறது?" என்று மிகவும் அக்கறையாகக் கேட்டான். அவனை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. "நன்றி, தேவலை" என்றேன். பாலை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

விசாரணை நகர மன்றக் கட்டடத்தில் நடந்தது. ஆணையர்கள் மூவர்: ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியை, வீடு விற்கும் ஒருவர், தலைவராக ஊரின் சவ அடக்க நிலையத்தின் சொந்தக்காரர். அவர் எங்களைப் பார்த்த பார்வையில் தொழில் தெரிந்தது. கோட்டு போட்டுக்கொண்டு அந்த அதிகாரி உள்ளே வந்தார். என் மைத்துனன் விசுக்கென்று எழுந்து நின்றான்.

"உட்காருடா," என்று அவன் சட்டையை இழுத்தேன்.

"பெரியவங்க வர்றாங்களே மாமா."

முதலில் நான். கண்ணாடியில் பார்த்ததைச் சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, "பயணி பக்கத்துக் கண்ணாடியில் தெரிவது உள்ளபடி தெரியாது என்று அதிலேயே அச்சடித்திருக்கிறதே, வாசித்ததில்லையா?" என்றார். வாழ்நாள் முழுவதும் கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்தவன் நான். வாசித்திருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். தலைமையாசிரியை ஏதோ குறித்துக்கொண்டார்.

பிறகு மைத்துனன். நகராட்சி வக்கீல் கேட்டதற்கு, விலங்குக்குப் பிறகு மிதித்தார் என்று சொன்னான். சின்னக் குரல்தான், ஆனால் சொன்னான். நான் மூச்சு விட்டேன். அப்புறம் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, அன்று நடந்ததைப் பற்றி உங்கள் மனதில் இருப்பதைச் சொல்லுங்கள் என்றார்.

பெரிய இடத்தில் குறை சொல்லுமுன் நாம் என்ன செய்வோம்? நம் தலையில் கொஞ்சம் மண்ணை வாரிப் போட்டுக்கொள்வோம். தப்பு என் பேரில்தான் என்று தொடங்கினால்தான் அடுத்துச் சொல்லப்போவது காது கொடுத்துக் கேட்கப்படும். ஈரோட்டில் எந்தத் தாசில்தாரும் அந்த முதல் வரியை வரியாகவே எடுத்துக்கொள்ள மாட்டார். செருப்பை வெளியே விடுவது மாதிரி அது. இவனும் கையைக் கட்டிக்கொண்டு, "சார், தப்பு என்னுடையதுதான். நான் இறங்கியிருக்கக் கூடாது. பாக்கெட்டில் கையை விட்டதும் தப்பு" என்றான்.

அடுத்து 'ஆனால்' வரவேண்டும். வாயைத் திறந்துவிட்டான்.

"நன்றி. எனக்கு வேறு கேள்வி இல்லை" என்று வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

நகராட்சி வக்கீல் அவசரமாக எழுந்து, வலித்ததா என்று கேட்டார். அதற்குள் இவன் கலங்கிப்போயிருந்தான். எல்லோரும் தன்னையே பார்ப்பது பொறுக்காமல், "இப்ப பரவாயில்லை சார்" என்றான்.

மூவரும் உள்ளே போய்விட்டு வந்தார்கள். அடுத்து நடந்ததை நான் விதிகளில் முன்பே படித்திருந்தேன். படித்தபோது அது வெறும் வரியாக இருந்தது. ஆணையம் ஒருவரை நிரந்தரமாக நீக்கலாம். இல்லையென்றால் அதிகபட்சம் பதினைந்து நாள் சஸ்பென்ஷன். நடுவில் ஒன்றும் கிடையாது. தலைவர் மென்மையான குரலில், துக்க வீட்டில் பேசுகிற மாதிரி, அதிகாரி எல்லை மீறியது உண்மை, ஆனால் சாட்சி சொல்ல வந்தவரே தன் தவறைச் சொல்லியிருக்கும்போது இருபத்திரண்டு வருடத்து வேலையைப் பறிக்க மனமில்லை என்றார். பதினைந்து நாள். நீக்கிய நாளிலிருந்து கணக்கிட்டால் அது எப்போதோ கழிந்துவிட்டிருந்தது.

திங்கட்கிழமை அவர் வேலைக்குத் திரும்பினார். செவ்வாய்க்கிழமை காலை எங்கள் வீட்டெதிரே காரை நிறுத்தி, கதவில் சாய்ந்து நின்று, காபி குடித்தார். திரைச்சீலை இடுக்கில் பார்த்த என் மனைவி அதை இழுத்து மூடினாள். மைத்துனன் அன்று ஆபீஸ் போகவில்லை. வேறு மாநிலத்தில், பார்சிப்பனியில் இருந்த நண்பனைப் போனில் கூப்பிட்டு, அங்கே என்ன வேலை கிடைத்தாலும் சரி என்றான்.

"ஓடறேன்னு நெனைக்கறீங்களா மாமா?"

"சீக்கிரம் ஓடு, மாப்ளே."

அவன் கிளம்பிய காலை, வாடகை வேனில் அவன் முன்னால் போக, வழியனுப்ப நான் என் காரில் பின்னால் போனேன். இரண்டு தெரு தாண்டியதும் எனக்குப் பின்னால் ஒரு போலீஸ் கார் சேர்ந்துகொண்டது. ஊர் எல்லைப் பலகை வரை மூன்று வண்டிகளுமாக ஊர்வலம் போல, விளக்கு போட்டுத் திரும்பி, சிவப்புக்கு நின்று, ஒழுங்காகப் போனோம். மைத்துனன் ஃப்ரீவேயில் ஏறினான். ஜன்னல் வழியாகக் கையை நீட்டாமல், உள்ளேயே லேசாக ஆட்டினான்.

நான் திரும்பினேன். போலீஸ் காரும் திரும்பி என் பின்னால் வந்தது. அந்த ஊரில் முந்தைய வருடம்தான் வீடு வாங்கியிருந்தேன்.