கேரியர்

மகள் கல்லூரிக்குச் சைக்கிளில் கிளம்புகிறாள். அந்த மணிச் சத்தத்தில் எங்கள் திண்டிவனத்து வீடு திறந்துகொள்கிறது, மல்லாட்டை மூட்டைகளின் கடலை வாசமும் அப்பாவின் வியர்வையுமாக.

அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று, அம்மா அப்பாவின் சைக்கிளை மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்தாள். "சைக்கிள்ல போய்க்கினு இருக்கிற வூட்ல எவன் பொண்ணெடுப்பான்?"

அதற்குப் பதிலாக வாசலில் சித்தப்பாவின் ஸ்கூட்டர் நின்றது. காப்பி குடித்த கையோடு மாப்பிள்ளையின் அப்பா அதன் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். "பஸ் ஸ்டாண்டுல வுட்டுடுங்க."

அப்பாவுக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது. "இது தம்பி வண்டிங்க. எனக்கு சைக்கிள்தான்."

சம்பந்தம் போச்சு என்று அம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுல கேரியர் இருக்குதில்ல?" என்று கேட்டபடி ஸ்கூட்டரிலிருந்து இறங்கினார் அவர்.

"வசதி இருந்தும் பொண்ணுக்கு ஸ்கூட்டி வாங்கித் தரலியா சார்?" பக்கத்து வீட்டுக்காரர் இன்றும் கேட்கிறார்.

அக்காவின் மாமனார் சொன்னதையே சொல்கிறேன்.