மலை தெரியும் மாடி வீடு

போடியில் மலை தெரியும் அந்த மாடி வீட்டை நாங்கள்தான் முதலில் வாடகைக்குக் கேட்டோம். வீட்டுக்காரரோ, ஏலக்காய் கம்பெனி வேலைக்காக பிரான்சிலிருந்து குடிவந்த குடும்பத்துக்கு அதைக் கொடுத்துவிட்டார். எங்களுக்குக் கிடைத்தது கீழே இருட்டுப் போர்ஷன். அந்தக் குடும்பத்துப் பெண் மலையைப் பார்த்தபடி காபி குடிப்பாள் என்று நினைத்தாலே எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் கேஸ் சிலிண்டர் மாட்டத் தெரியாமல் என்னைக் கூப்பிட்டாள். மேலே போனால், அவள் நாற்காலி மலைப்பக்க ஜன்னலோரம் இல்லை. எங்கள் வாசலைப் பார்த்த ஜன்னலோரம் கிடந்தது.

"எதுக்கு இங்கிட்டுப் போட்டிருக்கீங்க?" என்றேன்.

"உங்க வீட்டுக்கு தினம் ஆள் வர்றாங்க. இங்க யாரும் வர்றது இல்ல. எனக்கு... பொறாமை. இந்த வார்த்தை சரியா, அக்கா?" என்றாள், புதிதாகக் கற்ற தமிழில்.

"சரிதான்" என்றேன்.

சாயங்காலம் அவளை வீட்டுக்கு அழைத்து டீ போட்டுக் கொடுத்தேன். இப்போது நெருங்கிப் பழகுகிறோம். ஆனாலும் அவளைப்போல அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.