வாங்க என்றால்தான் வருவார்

என் மனைவி எங்கள் வீட்டு நாயிடம் "வாங்க, போங்க" என்றுதான் பேசுவாள். "சாப்பிட வாங்க." "கொஞ்சம் நகருங்க, பெடல்ல வால் மாட்டிக்கும்." "மழையில போகாதீங்க, சொன்னா கேளுங்க." துணி தைக்கக் கொடுக்கப் புதிதாக வருகிறவர்கள், உள்ளே யாரோ பெரிய மனிதர் இருக்கிறார் என்று நினைத்து வாசலிலேயே தயங்கி நிற்பார்கள். எனக்கும் அவள் 'ங்க' போடுவாள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு வருகிற 'ங்க'வில் பாதி கோபத்தில் வருவது. நாய்க்குப் போவது கலப்படமில்லாத மரியாதை.

தப்பு என்னுடையதுதான். தரங்கம்பாடியில் இருந்த என் நண்பன் வேலை மாறிச் சென்னைக்குப் போனான். அங்கே அடுக்குமாடியில் நாய் வளர்க்க விடமாட்டார்களாம். ஒன்றரை வயதுச் செவலை நாயை என் தலையில் கட்டினான். வண்டியில் ஏற்றிக் கதவைச் சாத்திய பிறகுதான் அதன் பெயரைச் சொன்னான். செத்துப்போன என் அப்பாவின் பெயர். அதை இங்கே எழுதப்போவதில்லை. தமிழ்நாட்டில் தெருவுக்கு ஒரு நாய்க்கும் நாலு ஆம்பளைகளுக்கும் இருக்கிற பெயர்தான், நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் மனைவி பி.காம். படித்தவள், செல்போனிலேயே உலகத்தை நடத்துகிறவள். ஆனாலும் ரேஷன் கடையில் குடும்பத்தலைவர் பெயர் என்ன என்று கேட்டால் அட்டையை நீட்டுவாளே தவிர வாயைத் திறந்ததில்லை. அப்பேர்ப்பட்டவள் அந்தப் பெயரைச் சொல்லி 'வாடா' என்று எப்படிக் கூப்பிடுவாள்? வேறு பெயர் வைத்துப் பார்த்தோம். ஒரு வாரம் ஆளுக்கொரு பெயராகக் கூப்பிட்டும் நாய் காதைக்கூட அசைக்கவில்லை. கடைசியில் அவள் பெயரே இல்லாமல், "இங்க வாங்க" என்றாள். எழுந்து போய் அவள் தையல் மெஷினுக்கு அடியில் படுத்துக்கொண்டது. அன்றைக்கே அந்த இடத்துக்குப் பட்டா ஆகிவிட்டது.

நான் மட்டும் விடாப்பிடியாக 'டேய்' போட்டேன். வயல்காட்டு மோட்டார்களை ரிப்பேர் பார்க்கிற பட்டறைக்காரன் நான். 'டா' இல்லாமல் எனக்கு ஒரு வாக்கியம் முடியாது. நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்ளும்.

"மரியாதை குடுத்தா வருவாரு" என்பாள் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடி.

"நாய்க்கு நான் மரியாதை குடுக்கணுமா? நல்லாயிருக்குடி உன் நியாயம்" என்பேன்.

அவள் கோயிலுக்குப் போனால் அது வெளியே உட்கார்ந்து செருப்புக்குக் காவல் இருக்கும். அவள் ஒரு நாள் ஊரில் இல்லாவிட்டால் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு மெஷினடிக்குப் போய்விடும். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான், ஒப்புக்கொள்கிறேன்.

போன தீபாவளி அன்று காலையில் தெருமுனையில் யாரோ பத்தாயிரம் வாலாவைக் கொளுத்தினார்கள். நாய் வேலியைத் தாண்டி வயல் பக்கம் ஓடியது. மதியமாகியும் திரும்பவில்லை. சுட்டு வைத்த பலகாரம் அப்படியே இருந்தது. "அவரு வராம எனக்குச் சோறு இறங்காதுங்க" என்றாள். சொன்னபடியே இறங்கவில்லை. அப்போதே மழையும் பிடித்துக்கொண்டது, விடாத ஐப்பசி மழை. அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வரப்பு வரப்பாக "வாங்க, வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே நடந்தாள். மறுநாளும் அப்படியே நடந்தாள். நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் தங்களைத்தான் கூப்பிடுகிறாள் என்று நிமிர்ந்து பார்த்தார்கள்.

நான் ரோட்டுப் பக்கம் பைக்கில் தேடினேன். பக்கத்து ஊர்க் கடைத்தெருவில் பெயரைச் சொல்லி, "டேய், எங்கடா போய்த் தொலைஞ்சே" என்று கத்தினேன். என் அப்பாவோடு கடைசிவரை பழகின ஒருவர் டீக்கடையிலிருந்து குடையோடு எழுந்து வந்தார்.

"ஏண்டா, உங்கப்பன் போயி ரெண்டு வருஷம்கூட ஆகல. நடுரோட்டுல பேரைச் சொல்லி டா போடுறியே, புத்தி பேதலிச்சுப் போச்சா?"

"நாயைத் தேடுறேங்க பெரியப்பா."

"அப்பனை நாய்ங்குறியா?"

அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் ஒரு டீ ஆறிப்போனது. அவர்தான் பிறகு நாலு பேருக்குப் போன் போட்டுச் சொல்லி வைத்தார்.

மூன்றாம் நாள் காலையில் அவர் சொன்ன ஆட்களில் ஒருவர் கூப்பிட்டார். மன்னார்குடி ரோட்டுக்கு அடியில், வடிகால் தண்ணீர் போகிற குழாய்ப் பாலத்துக்குள் ஒரு செவலை நாய் ஒடுங்கிக் கிடக்கிறது, தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது, சீக்கிரம் வாங்க என்றார். மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன்.

எங்கள் நாய்தான். ஆள் நுழைய முடியாத குழாய். மறுமுனையை ஆகாயத்தாமரை மொத்தமாக அடைத்திருந்தது. வயலில் தேங்கின மழைத்தண்ணீர் முழுக்க அந்த வடிகாலில்தான் இறங்கிக்கொண்டிருந்தது. குழாயின் மேல்பக்கம் ஒரு சாண் இடம்தான் பாக்கி. கூடியிருந்தவர்கள் நல்லெண்ணத்தில் நீளக் கம்பை உள்ளே விட்டு "வாடா, வாடா" என்று சத்தம் போட, அது பயந்து இன்னும் உள்ளே போனது. நான் இறங்கினேன். இடுப்பளவு தண்ணீர். கம்பை எடுக்கச் சொல்லிவிட்டு, "டேய், நான்தாண்டா" என்றேன். உறுமியது.

"நீ கூப்பிடு" என்று மனைவியைப் பார்த்தேன். வாயைத் திறந்தாள், வெறும் காற்றுதான் வந்தது. மூன்று நாள் கத்தினதில் தொண்டை அடியோடு போயிருந்தது. கரையில் மண்டியிட்டு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வாங்கன்னு சொல்லுங்க" என்றாள், காதோடு. "உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன்."

பாலத்து மேலே இருபது பேர். அதில் பாதிப் பேர் என்னிடம் மோட்டார் கொடுத்து வசவு வாங்கினவர்கள். "வாங்க" என்றேன். எனக்கே கேட்கவில்லை. மேலே யாரோ சிரித்தார்கள். அதற்குள் தண்ணீர் இன்னும் நாலு விரல் ஏறிவிட்டது, நாய் மூக்கை மட்டும் தூக்கி வைத்திருந்தது. வெட்கமெல்லாம் போய்விட்டது. கன்னம் தண்ணீரில் படக் குனிந்து, அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

"வாங்க. ஒண்ணும் பண்ண மாட்டாங்க. நான் இருக்கேன்ல, பயப்படாதீங்க. வீட்டுக்குப் போவலாம், வாங்க."

உறுமல் நின்றது. திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். கொஞ்ச நேரத்தில் தலை தெரிந்தது, பிறகு முன்னங்கால். என்னை ஏறிட்டும் பார்க்காமல் நீந்திக் கடந்து அவளிடம் போனது. அவள் முந்தானையில் அதைச் சுற்றி மடியில் போட்டுக்கொண்டாள். வந்துட்டீங்களா, வந்துட்டீங்களா என்று உதடு மட்டும் அசைந்தது.

நான் தண்ணீரிலேயே நின்று அழுதேன். நிறுத்த முடியவில்லை. "அதான் நாய் வந்துருச்சேங்க, மேல ஏறி வாங்க" என்று ஒருவர் கையை நீட்டினார். நாய் வந்துவிட்டது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் முழுக்க அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுக்குப் போவலாம்டா" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். "பேசாம படுப்பா" என்று அதட்டிக்கொண்டே இருந்தேன்.