அடியா, அங்குலமா?

சரக்கோடு வரும் தாள் கைக்கு வந்ததும் அந்த அம்மா எண்ணை இடது கட்டைவிரலால் மூடிவிடுகிறார். பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் அலகைத்தான் முதலில் படிக்கிறார். அதைப் படித்து முடித்த பிறகுதான் விரல் நகரும். "நூறுன்னு ஒருத்தர் சொன்னா, நூறு கிலோவா நூறு குடமான்னு கேக்க மாட்டோமா? அப்புறம் இதுக்கு மட்டும் என்ன அவசரம்?"

குளிர் அறைகள் கட்டும் நிறுவனத்தில் வரும் பொருளைச் சரிபார்ப்பது அவர் வேலை. சுவருக்குள் வைக்கும் நுரைப் பலகை எவ்வளவு சூட்டைக் கசியவிடும் என்பதற்கு ஓர் எண் உண்டு. வெப்பக் கடத்துத்திறன் என்று பெயர். எண் சின்னதாக இருந்தால் பலகை நல்லது. வம்பு என்னவென்றால், ஒரு தாள் வாட்டில் வரும், இன்னொன்று கிலோ கலோரியில் வரும், மூன்றாவது பி.டி.யூ. என்ற ஆங்கிலேய வெப்ப அலகில் வரும். அந்த பி.டி.யூ.விலும் அடிக்கணக்கு ஒன்று, அங்குலக் கணக்கு ஒன்று! எல்லாவற்றையும் வாட்டுக்கு மாற்றினால்தான் ஒப்பிட முடியும்.

அவர் மாற்றுவதைப் பார்க்கவேண்டுமே! கால்குலேட்டரைத் தொடுவதற்கு முன்பே உதடு முணுமுணுக்கும். கலோரி என்றால் ஆறில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்வார். பி.டி.யூ. அடிக்கணக்கு என்றால் ஒன்றே முக்காலால் பெருக்குவார், அங்குலக் கணக்கு என்றால் ஏழால் வகுப்பார். தோராயம்தான். ஆனால் கால்குலேட்டர் பின்னாலேயே வந்து "ஆமாம்" என்று தலையாட்டும்.

பொருள்களுக்கு அவர் குணம் வேறு வைத்திருக்கிறார். "செம்பு ஓட்டைவாய். இந்தக் காதுல விழுந்தது அடுத்த நொடி அந்தப் பக்கம் போயிடும். நுரை அழுத்தக்காரன். என்ன சூடு வச்சாலும் வாயைத் திறக்க மாட்டான்." வீட்டில் மாமியாரைப் பற்றியும் இப்படித்தான். "எங்க அத்தை பாயின்ட் ஜீரோ டூ. மனசுல என்ன இருக்குன்னு பிரம்மாவுக்கே தெரியாது." சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அத்தை கேட்பார்: "கம்மியா இருந்தா நல்ல சரக்குன்னுதானே நீ சொன்ன?" மருமகள் அவசரமாகக் குழம்பை அத்தை பக்கம் நகர்த்துவார்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு லாரி வந்தது. மருத்துவமனை ஒன்றில் குழந்தைகளின் தடுப்பூசி மருந்து வைக்கும் அறைக்கான பலகைகள். இரவல் வாங்கிய குளிர்ப்பெட்டிகளில்தான் அதுவரை மருந்து இருந்தது. வெள்ளிக்கிழமை அவற்றைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். தினமும் அங்கிருந்து தலைமை நர்ஸ் போன் செய்வார்: "ரூம் ரெடியாயிடுமாம்மா? மருந்தை நான் எங்க கொண்டு போய் வைப்பேன்?"

அன்று அந்த அம்மா வேலைக்கு வந்து சேர்வதற்குள் மேலாளரே தாளை வாங்கிக் கணினியில் ஏற்றிவிட்டார். தாளில் 0.16. திரையில் 0.277, சிவப்பு நிறத்தில். தாண்டக்கூடாத அளவு 0.025. கிட்டத்தட்ட பதினோரு மடங்கு! சரக்கைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார். புதுச் சரக்கு வர மூன்று வாரம் ஆகும்.

அந்த அம்மா வந்ததும் கைப்பையைக்கூட இறக்கிவைக்காமல் தாளை எடுத்தார். கட்டைவிரல் எண்ணின்மேல் போயிற்று. "சார், அங்குலக் கணக்குன்னு போட்டிருக்கே. நீங்க எதைத் தட்டினீங்க?"

"கம்ப்யூட்டர் லிஸ்ட்ல அடி மட்டும்தாம்மா இருந்துச்சு. பி.டி.யூ.ன்னு இருக்கேன்னு அதைத் தட்டினேன். மெஷின் பொய் சொல்லுமா?"

"அது பாவம், கேட்டதுக்குப் பதில் சொல்லுது. நாம கேட்டதுதான் தப்பு." மேலாளரின் மர மேசையைத் தட்டினார். "இந்த மரமே சுமாரா பாயின்ட் ஒன் ஃபைவ். நுரை இதைவிட மோசம்னா, உங்க மேசையை அறுத்தே ரூம் கட்டிடலாம் சார்!"

மேலாளர் மேசையைப் பார்த்தார். தாளை மூக்கருகே பிடித்துப் பார்த்தார். "அடிக்குப் பன்னிரண்டு அங்குலம்..." என்று 0.277-ஐப் பன்னிரண்டால் வகுத்தார். 0.0231. "அய்யய்யோ! லாரி?"

லாரி வாசலில் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. செருப்பு ஒரு பக்கம் பறக்க அந்த அம்மா ஓடினார் பாருங்கள், அப்படி ஓர் ஓட்டம்! லாரியின் பக்கவாட்டில் தபதபவென்று தட்டினார். "அண்ணே, நிறுத்துங்க! சரக்கு நல்ல சரக்கு!"

ஓட்டுநர் தலையை நீட்டினார். "உள்ள வாங்கறீங்க, வெளிய போங்கறீங்க. எல்லாரும் ஒண்ணா உக்காந்து முடிவு பண்ணிச் சொல்லுங்கம்மா. ஸ்டியரிங் சுத்தியே கை கழண்டுடுச்சு."

"தப்பு எங்களுதுதாண்ணே. உங்களுக்கு டீ என் கணக்கு."

"என் கணக்கு," என்றார் பின்னால் மூச்சிரைக்க வந்து நின்ற மேலாளர். "தப்பு என்னது. அந்த லிஸ்ட்ல இன்னிக்கே அங்குலத்தைச் சேர்க்கச் சொல்றேன்."

தார்ப்பாயை அவிழ்த்தார்கள். முதல் பலகை இறங்கும்போது அந்த அம்மாவின் போன் அடித்தது. தலைமை நர்ஸ். "என்னம்மா ஆச்சு? சரக்கு வந்துடுச்சா இல்லையா? ஏதாவது சொல்லும்மா!"

ஓடிவந்த இரைப்பில் அவருக்குப் பேச்சு வரவில்லை. சிரிப்பு வேறு முட்டிக்கொண்டு வந்தது. பலகைகள் தொப் தொப்பென்று இறங்க, ஆட்கள் "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று உரக்க எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவர் போனைக் காதிலிருந்து எடுத்து, கையை முழுக்க நீட்டி, லாரியின் பக்கம் பிடித்தார்.